தாயா பிள்ளையா பழகும் ஊரில் ஓர் அமைதிக் கூட்டம்

மதிப்பிற்குரிய கோட்டாட்சியர் அவர்களுக்கு,

புதிய பொறுப்புக்கு வாழ்த்துகள். பழைய அதிகாரியின் பெயர்ப்பலகையைக் கழற்றி உங்கள் பெயரை மாட்டி முடிப்பதற்குள் ஏதாவது ஒரு காலனியிலிருந்து மனு வந்துவிடும். சாமி எங்கள் தெருவுக்கு வருவதில்லை என்றிருக்கும். பிணத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோக விடவில்லை என்றிருக்கும். ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைக்கிறார்கள் என்றிருக்கும். பதற வேண்டாம். பிளவுபட்ட சமூகத்தை எப்படி ஒட்டவைப்பது என்று ஊருலகத்து அறிஞர்களெல்லாம் கருத்தரங்கு போட்டுக் குழம்பிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தக் குழப்பமே கிடையாது. தாலுகா ஆபீஸ் கூட்ட அறை இருக்கிறது, அமைதிப் பேச்சுவார்த்தை என்ற மருந்து இருக்கிறது. அதைக் கொடுக்கும் முறை தெரிந்துவிட்டால் அடுத்த மாற்றல் உத்தரவு வரும்வரை நிம்மதியாகத் தூங்கலாம்.

முதலில், நடந்தது குற்றம் என்பதை மறந்துவிடுங்கள். பூட்டை உடைத்துத் திருடியவனையும் பறிகொடுத்த வீட்டுக்காரரையும் எதிரெதிரே உட்காரவைத்து, “ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கப்பா” என்று எந்த இன்ஸ்பெக்டரும் சொல்வதில்லை. தீண்டாமைக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதை ஒழித்து முக்கால் நூற்றாண்டு ஆகிறது. 1955இல் அதற்கென்று தண்டனைச் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. இவ்வளவு சட்டத்தையும் தாண்டி அந்த மனு உங்கள் மேசைக்கு வந்து சேரும்போது, அதன் மேல் “இரு பிரிவினரிடையே பிரச்சினை” என்று எழுதியிருக்கும். மறுநாள் பத்திரிகையும் அப்படியே போடும். அடித்தவனும் ஒரு பிரிவு, அடிவாங்கியவனும் ஒரு பிரிவு. நீங்கள் நடுவில். நடுநிலை என்றால் அதுதானே.

கூட்டம் 11 மணிக்கு என்று தாக்கீது அனுப்புவீர்கள். காலனிக்காரர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு 10 மணிக்கே வந்து வேப்பமரத்தடியில் நிற்பார்கள். ஊர்க்காரர்கள் 12 மணிக்கு இரண்டு கார்களில் வந்து இறங்குவார்கள். டிஎஸ்பி இருப்பார், தாசில்தார் இருப்பார், வருவாய் ஆய்வாளரும் விஏஓவும் கோப்போடு நிற்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கும். ஊர்த்தரப்பு கேட்காமலே உட்காரும். காலனித் தரப்புப் பெரியவர் ஒருவர், நாற்காலி காலியாக இருந்தும், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரமாக நிற்பார். “உட்காருங்க பெரியவரே” என்று நீங்கள் சொல்வீர்கள். “பரவாயில்லீங்க சார்” என்பார். அவர் பரவாயில்லை என்று சொன்னதை நீங்கள் மனதில் குறித்துக்கொள்ளலாம்: கூட்டம் இணக்கமான சூழலில் தொடங்கியது.

டீ வரும். பேப்பர் கப்பில்தான் வரும். பேப்பர் கப்பை மட்டமாக நினைக்காதீர்கள். எத்தனையோ ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளையை ஒழித்தது சட்டமும் அல்ல, பெரியாரும் அல்ல, அந்தக் காகிதக் குவளைதான். குடித்ததும் கசக்கி எறிந்துவிட்டால் யார் வாய் வைத்தது என்ற பேச்சே இல்லை. கழுவ வேண்டியதில்லை, மனம் மாற வேண்டியதும் இல்லை.

அப்புறம் ஊர்த்தரப்புப் பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அவர் என்ன பேசுவார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். “சார், நாங்க இத்தனை நாளா தாயா பிள்ளையா பழகிட்டிருக்கோம். எங்களுக்குள்ள ஒரு வேத்துமையும் கிடையாது. இப்ப நாலு படிச்ச பசங்க வந்துதான் ஊரைக் கெடுக்கிறானுங்க. வெளியாளுங்க தூண்டிவிடுறாங்க.” கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! தாய் ஒரு சுடுகாட்டிலும் பிள்ளை ஒரு சுடுகாட்டிலும் எரிகிற குடும்பம். தாய் தேர் இழுக்க, பிள்ளை தொலைவில் நின்று கும்பிடுகிற குடும்பம். பிள்ளை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தாயின் தெருவைக் கடந்த காலம்தான் பாசம் பொங்கி வழிந்த காலம். அது மாறியதும், “முன்னெல்லாம் இப்படி இல்லீங்க” என்று தாய் அழுகிறாள்.

இந்த இடத்தில் நீங்கள் பேச வேண்டும். “ரெண்டு பக்கமும் அனுசரிச்சுப் போகணும். விட்டுக்கொடுத்தாத்தான் வாழ்க்கை.” அவ்வளவுதான், வேறு வசனம் தேவையில்லை. காலனித் தரப்பு கோவிலுக்குள் போகும் உரிமையை விட்டுக்கொடுக்கும். ஊர்த்தரப்பு, அவர்களை அடிக்கும் உரிமையை இந்தத் திருவிழா முடியும்வரை விட்டுக்கொடுக்கும். சரிக்குச் சரி. கூட்டக் குறிப்பில் “நடைமுறையில் உள்ள வழக்கப்படியே விழா நடத்துவது என இரு தரப்பினரும் ஏற்றுக்கொண்டனர்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எந்த வழக்கத்தை எதிர்த்து மனு கொடுத்தார்களோ, அந்த வழக்கத்துக்கு அவர்கள் கையெழுத்தே சாட்சி ஆகிவிடும். படிச்ச பசங்களில் எவனாவது கையெழுத்துப் போட மறுத்தால், அமைதிக்குக் குந்தகம் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்கலாம். அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தவன் மீதும் எதிர் வழக்கு ஒன்று இருந்தால் பேச்சுவார்த்தை இன்னும் சுலபமாக முடியும். டிஎஸ்பியைக் கேளுங்கள், அவருக்கு இதெல்லாம் தெரியும்.

முன்னுதாரணம் வேண்டுமென்றால் கொட்டிக் கிடக்கிறது. 2016 ஜனவரியில் மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டசேரியில் ஒரு தலித் முதியவர் இறந்துபோனார். பொதுப்பாதையில் உடலைக் கொண்டுபோகப் போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. போலீஸ் வந்தது. நூற்றுக்கணக்கில் வந்தது. பாதுகாப்பும் கொடுத்தது, பொதுப்பாதைக்கு! பிணம் அந்தப் பாதையில் கால் வைத்துவிடாதபடி காத்து, உடலைத் தானே எடுத்துக்கொண்டு போய் வேறு வழியில் புதைத்துவிட்டு வந்தது. நீதிமன்ற உத்தரவும் ஊர் வழக்கமும் எதிரெதிரே நின்றால் நிர்வாகம் யார் பக்கம் சாயும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பாடம் உங்கள் பயிற்சிக் கழகத்தில் கிடைக்காது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரம். பாலாற்றங்கரை மயானத்துக்குப் போகும் வழியைச் சாதி இந்துக்களின் நிலமும் வேலியும் மறித்து நின்றன. காலனிக்காரர்கள் பாடையைப் பாலத்தின் மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கயிறு கட்டினார்கள். மாலையோடு கிடந்த உடலை மேலேயிருந்து சிலர் மெல்ல மெல்ல இறக்க, கீழே நின்றவர்கள் கையேந்தி வாங்கினார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. கிணற்றில் உறை இறக்குவதுபோல் ஒரு மனிதனை இறக்குகிறார்கள், இறக்குகிறவர்கள் முகத்தில் ஆத்திரம்கூட இல்லை; பழகிப்போன வேலையைச் செய்யும் கவனம்தான் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்தக் கவனம்தான். நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. பாய்ந்து வந்து ஒரு தீர்வு கண்டது. வேலியைப் பிடுங்கியது என்று நினைத்தால் நீங்கள் இன்னும் பச்சைப் பிள்ளை. ஆதிதிராவிடர்களுக்கென்று தனியாக மயான நிலம் ஒதுக்கியது! வேலிக்கும் சேதமில்லை, பிணத்துக்கும் இடம் கிடைத்தது, இரு தரப்புக்கும் திருப்தி. தனித்தனி மயானம் கொடுத்து அரசே பிரிவினையை ஊக்குவிப்பதுபோல் இருக்கிறதே என்று உயர் நீதிமன்றம்தான் பாவம், விவரம் புரியாமல் கேட்டது.

கோவில் விவகாரம் இன்னும் சுலபம். விழுப்புரம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோவிலில் 2023 ஏப்ரலில் உள்ளே போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். சுற்றுச் சுற்றாக அமைதிப் பேச்சு நடந்தது. முடிவு எட்டாததால் ஜூன் மாதம் உங்களைப் போன்ற ஒரு கோட்டாட்சியர் கோவிலையே பூட்டிச் சீல் வைத்தார். அடித்தவர்களுக்கும் சாமி இல்லை, அடிபட்டவர்களுக்கும் சாமி இல்லை. அம்மன் மட்டும் காவலில் இருந்தாள். அவள் எந்தத் தரப்பு என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் இழுபட்டு, 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு அந்த மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. ஒரு படி ஏற இரண்டு ஆண்டு.

பூட்டுவதைவிடப் பெரிய தந்திரம் அழிப்பது. 1997இல் விருதுநகர் வட்டாரத்துக்கு அமைந்த புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. வெள்ளையனை எதிர்த்துக் கட்டபொம்மன் படையில் நின்று உயிரைவிட்டவர். தேவேந்திர குலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு தரப்பு கிளம்பியது. தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. ஏற மாட்டேன் என்றவனை நடந்து போ என்று அரசு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாப் பஸ்ஸிலிருந்தும் எல்லாப் பெயரையும் அழித்துவிட்டது! சேரன் போனான், சோழன் போனான், பாண்டியன் போனான். கட்டபொம்மன், தீரன் சின்னமலை, பெரியார், அண்ணா, ஜீவா எல்லாரும் ஒரே நாளில் இறக்கிவிடப்பட்டார்கள். யார் வம்புக்கும் போகாமல் தொலைதூரப் பஸ்களை ஓட்டிக்கொண்டிருந்த திருவள்ளுவருக்கும் வேலை போயிற்று. மாவட்டங்களுக்கு இருந்த பெயர்களும் தப்பவில்லை: காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆயிற்று, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆயிற்று. ஒரு தலித் பெயரைச் சுமக்க மாட்டாத மாநிலம், அந்தக் கூச்சத்தை மறைக்க மொத்த வரலாற்றையும் டிப்போவில் வைத்துச் சுரண்டியது. இதற்கு நல்லிணக்க நடவடிக்கை என்று பெயர்.

அதே கோடையில்தான் மேலவளவுப் படுகொலையும் நடந்தது. தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்டதை எதிர்த்து மிரட்டிய ஊரில் முருகேசன் துணிந்து நின்று தலைவரானார். அலுவலகத்தில் உட்கார முடியாத தலைவர். எரிக்கப்பட்ட வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு, 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் திரும்பும்போது, அவரையும் உடன் இருந்தவர்களையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு முறையாக நிர்வாகத்திடம் போனவர் அவர். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. விட்டுக்கொடுத்தாத்தான் வாழ்க்கை, இல்லையா சார்?

கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. மன்னிக்கவும். அமைதியாகவே பேசுவோம்.

அமைதி ஒப்பந்தம் என்றால் உத்தபுரத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே சுமார் 600 மீட்டர் நீளச் சுவர். ஏன் கட்டினீர்கள் என்று கேட்டால், 1989 கலவரத்துக்குப் பிறகு எழுதிய ஒப்பந்தத்தின்படிதான் என்று காகிதம் காட்டினார்கள். அதாவது அந்தச் சுவரே ஒரு சமாதானம்! போதாதென்று அதில் மின்கம்பியும் ஓட்டினார்கள். 2008 மே 6 அன்று நிர்வாகம் போலீஸ் படையோடு போய்ச் சுவரில் சுமார் 15 அடியை இடித்து வழி விட்டது. 600 மீட்டரில் 15 அடி. அதற்கே ஊர்த்தரப்பு மனமுடைந்து குடும்பத்தோடு மலையடிவாரத்துக்குப் போய் உட்கார்ந்து ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. வழி அடைத்தபோது காலனிக்காரர்கள் எத்தனை ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். கொடுத்தால் மறுநாள் உலை வைக்க முடியாது.

அரசியல் பிளவு, அரசியல் பிளவு என்று புலம்புகிறார்களே, அந்தப் பிளவு இந்தக் கூட்ட அறையில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். டிவி விவாதத்தில் ஒருவர் வேட்டியை ஒருவர் உருவுகிறவர்கள், மேடையில் குடும்பத்தை இழுத்து ஏசுகிறவர்கள், ஊர்த்தரப்பு வரிசையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளரும் எதிர்க்கட்சி ஒன்றியச் செயலாளரும் மாமன் மச்சான். ஒருவர் கரை வேட்டி இன்னொருவர் கரை வேட்டியோடு உரசும்போது சத்தமே வராது. கொள்கைக் குன்றுகளை உருக்கி ஒன்றாக்கும் அந்த அதிசயப் பொருளை ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டு அறிஞர்களை வரவழைக்கலாம். காலனித் தரப்பு வாயைத் திறந்தால் மட்டும் இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள்: “இதை அரசியல் ஆக்காதீங்க.”

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். 1996இல் இந்த ஊராட்சிகளைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள். பத்து ஆண்டு. அந்தப் பத்து ஆண்டில் சென்னையில் முதல்வர் நாற்காலியில் கருணாநிதியும் ஜெயலலிதாவும், நடுவில் பன்னீர்செல்வமும் மாறி மாறி உட்கார்ந்து எழுந்தார்கள். இந்த ஊராட்சி நாற்காலிகளில் ஒருவர் நிலைத்து உட்கார முடியவில்லை. வேட்புமனுவே வராது, வந்தால் ஊரே நிறுத்திய ஆள் வருவார், ஜெயித்த கையோடு ராஜினாமா கொடுப்பார். ஜனநாயகத்தை இவ்வளவு மரியாதையோடு வரவேற்று வாசலிலேயே வழியனுப்பிய ஊர் வேறெங்கும் இருக்காது. 2006இல் அரசு நடத்தியே தீருவது என்று முடிவு செய்தது. தேர்தல் நடந்தது, தலைவர்கள் உட்கார்ந்தார்கள், வானம் இடிந்து விழவில்லை. பிறகு சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து, முதல்வருக்குப் பட்டமும் கொடுத்தார்கள். சட்டப்படி நடக்க வேண்டிய ஒரு தேர்தல் பத்து ஆண்டு தாமதமாக நடந்ததற்கு விழா!

விழாவுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஜனவரி கடைசியில் மனிதநேய வார விழா. சுதந்திர தினத்தன்று கோவில்களில் சமபந்தி விருந்து. ஒரு வேளை சாம்பார் சாதத்தில் ஓராண்டு சமத்துவம் செரித்துவிடும். தீண்டாமை கடைப்பிடிக்காத கிராமத்துக்கு அரசுப் பரிசு. கொலை செய்யாத தெருவுக்கும் கொள்ளையடிக்காத வீட்டுக்கும் பரிசு கொடுக்கும் திட்டம் இன்னும் வரவில்லை என்பதுதான் குறை. சமத்துவபுரத்தில் நூறு வீட்டை நாற்பது, இருபத்தைந்து, இருபத்தைந்து, பத்து என்று பிரித்துக் கொடுத்துப் பெரியார் சிலையைக் காவலுக்கு நிறுத்தினோம். பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்களைச் சுதந்திர தினத்தில் கொடியேற்ற விடுங்கள் என்று 2022இல் தலைமைச் செயலாளரே கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரத்துக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு அது.

பிள்ளைகளும் ஊரைப் பார்த்துத்தானே வளரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையடுத்து அமைத்த நீதிபதி சந்துரு குழு 610 பக்க அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்று அதில் சொன்னதற்கே கொந்தளிப்பு. வெட்டியதற்கு வராத கொந்தளிப்பு கயிற்றுக்கு வந்தது.

வேங்கைவயலைப் பற்றியும் உங்களிடம் கேட்பார்கள். 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. ஒரு விசாரணை ஆணையம், சிபிசிஐடி, டிஎன்ஏ சோதனை என்று இரண்டு ஆண்டு ஓடியது. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அந்தத் தண்ணீரைக் குடித்த காலனியைச் சேர்ந்தவர்கள். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லட்டும். வேங்கைவயலுக்கு விசாரிக்கப் போன அன்றே டீக்கடையில் இரட்டைக் குவளையையும், வாசலோடு நிறுத்தும் கோவிலையும் கலெக்டர் நேரில் கண்டார். தொட்டியில் ஏதும் விழாமல் இருந்திருந்தால் அந்தக் குவளைகள் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கும், அந்த ஊரும் அமைதியான ஊர் என்றே உங்கள் கோப்பில் இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். அடுத்த அமைதிக் கூட்டத்துக்குப் போகுமுன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை ஒருமுறை புரட்டிவிடுங்கள். பொது மயானத்தையும் பொதுப்பாதையையும் பயன்படுத்த விடாமல் தடுப்பதற்கும், கோவிலுக்குள் நுழையத் தடுப்பதற்கும் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று 2015 திருத்தம் சொல்கிறது. பேச்சுவார்த்தை நடத்திப் பார்த்துவிட்டு வழக்குப் போடு என்று அதில் எங்கும் இல்லை. அதே சட்டத்தில் 4ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அதைப் பற்றித் தாசில்தாரும் டிஎஸ்பியும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தச் சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விடும் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை. அந்தப் பிரிவில் “இரு தரப்பு” கிடையாது சார். ஒரே தரப்புதான். அது நீங்கள்.